இன்மையும் அன்மையும்: கடும் எதிர்ப்பாற்றற் குறைபாடுடைய குழவியரின் திசு வகையறிதலில் சொல்லும் பொருளும்

0. முன்னுரை

ஒருவருடைய உடலணுக்களின் மேற்பரப்பில் மரபுவழி அமைந்த அடையாளங்களைக் கண்டறிந்து பெயரிடும் ஆய்வுமுறை திசு வகையறிதல் எனப்படும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குக் கொடையாளரைத் தெரிந்தெடுப்பது இவ்வாய்வின் முடிவைக் கொண்டேயாகும். உடல்நலமுள்ள ஒருவரிடம் இவ்வாய்வு பெரும்பாலும் இடரின்றி நிறைவேறுகின்றது. ஆயின், எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறக்கும் குழவியரிடம் இதனை நிகழ்த்தும்போது, பிறரிடம் எழாத சில ஐயங்கள் எழுகின்றன. ஆய்வுக்கு வேண்டிய அணுக்கள் இருப்பதில்லை. இருப்பினும் அடையாளங்களைக் காட்டுவதில்லை. காட்டினும் அவை அக்குழந்தையின் அணுக்களாக இருப்பதில்லை.

இம்மூன்று நிலைகளையும் ஆங்கில அறிக்கைகள் சில குறியீடுகளாலும் தொடர்களாலும் வேறுபடுத்துகின்றன. அவற்றைத் தமிழில் தரும் மொழிபெயர்ப்பாளர் யாவற்றையும் ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிட நேர்கின்றது. அதனால் விளையும் பிழை நடைப்பிழையன்று. கொடையாளர் தேர்வையே திசைதிருப்பத்தக்க பொருட்பிழை. இக்கட்டுரை முதற்கண் அறிவியற் செய்திகளை விளக்கி, பின்னர் அவற்றைத் தமிழிற் கூறுமிடத்து எழும் சொற்சிக்கல்களை ஆராய முற்படுகின்றது.

1. நோயும் அதன் பெயரும்

1.1 இந்நோயை 1950ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர்களான கிளான்ஸ்மன், ரினிக்கர் ஆகியோர் முதலில் விவரித்தனர். இன்று இது ஆங்கிலத் தலைப்பெழுத்துகளால் ‘ஸ்கிட்’ என வழங்கப்பெறுகின்றது. இது ஒரே நோயன்று. வெவ்வேறு மரபணுப் பழுதுகளால் தோன்றும் நோய்களின் தொகுதி. எக்ஸ் நிறப்புரியில் அமைந்த ஒரு மரபணுவின் பழுதே மிகப் பலரிடம் காணப்பெறும் வகைக்குக் காரணம் என்பது 1993இல் அறியப்பட்டது. அடினோசின் டிஅமினேஸ் என்னும் நொதியின் குறைவு காரணமாக வரும் வகை 1972இலேயே கண்டறியப்பட்டது. வகை எதுவாயினும் பொதுவியல்பு ஒன்றே: டி நிணவணுக்கள் தோன்றுவதில்லை, அல்லது தோன்றியும் செயற்படுவதில்லை. சிகிச்சை பெறாத குழந்தை பெரும்பாலும் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் நோய்த்தொற்றால் இறந்துபடும்.

1.2 இந்நோய்ப்பெயரிலுள்ள அடைமொழியைச் சிலர் ‘ஒருங்கிணைந்த’ என்று பெயர்க்கின்றனர். ஒருங்கிணைதல் என்பது பல உறுப்புகள் ஒன்றுபட்டு இயங்குதலைக் குறிக்கும் சொல். இங்குக் கருதப்படுவதோ அதற்கு மாறானது. அணுக்கள் வாயிலான எதிர்ப்பாற்றல், எதிர்ப்பொருள் வாயிலான எதிர்ப்பாற்றல் ஆகிய இரண்டும் சேர்ந்து பழுதுறுதலே அடைமொழியின் பொருள். ஆதலின் ‘கூட்டு’ என்றோ ‘இருவகை’ என்றோ கூறுதல் பொருந்தும். இக்கட்டுரையில் ‘கடும் கூட்டு எதிர்ப்பாற்றற் குறைபாடு’ என்னும் தொடரும், சுருக்கமாக ஸ்கிட் என்பதும் ஆளப்பெறுகின்றன. ‘பிறவி’ என்னும் அடையையும் பொதுமக்களுக்கான எழுத்துகளில் சேர்த்தல் நன்று. அதனை விடுத்தால், ‘எதிர்ப்பாற்றல் குறைவு’ என்று கேட்கும் பெற்றோர் அதனை எய்ட்ஸ் நோயெனக் கருதி அஞ்ச இடமுண்டு.

1.3 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் குட் என்பாரின் குழுவினர், ஸ்கிட் நோயுற்ற ஐந்து மாத ஆண்குழந்தை ஒன்றுக்கு, அதன் தமக்கையின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி நோயைத் தீர்த்தனர். திசுப் பொருத்தம் பார்த்துச் செய்யப்பெற்ற இச்சிகிச்சை, மஜ்ஜை மாற்று வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்று. இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1971இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த டேவிட் என்னும் சிறுவனுக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கவில்லை. நுண்ணுயிர் புகா நெகிழிக் கூட்டினுள்ளேயே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அவன், ‘குமிழிச் சிறுவன்’ என உலகறியப்பெற்றான். 1983இல் முழுமையாகப் பொருந்தாத தமக்கையின் மஜ்ஜை, டி நிணவணுக்கள் நீக்கப்பெற்று அவனுக்குச் செலுத்தப்பட்டது. அம்மஜ்ஜையில் மறைந்திருந்த எப்ஸ்டீன்–பார் நச்சுயிரியால் நிணப்புற்று தோன்றி 1984 பிப்ரவரியில் அவன் இறந்தான். பொருத்தம் என்னும் ஒரு சொல் இவ்விரு குழந்தைகளின் வாழ்விலும் எத்துணைப் பொறுப்பைச் சுமந்தது என்பது எண்ணத்தக்கது.

2. திசு வகையறிதலின் அடிப்படை

2.1 வகையறியப்படும் அடையாளங்கள் எச்.எல்.ஏ. எனப்படும். இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாம் நிறப்புரியின் குறுங்கையில் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. முதல் வகுப்பில் ஏ, பி, சி என்பனவும், இரண்டாம் வகுப்பில் டிஆர், டிகியூ, டிபி என்பனவும் தலையாயவை. முதல் வகுப்பு அடையாளங்கள் உட்கருவுள்ள ஏறத்தாழ எல்லா அணுக்களிலும் காணப்பெறும். இரண்டாம் வகுப்பினவோ பி நிணவணுக்கள் போன்ற சிலவற்றில் மட்டுமே இயல்பாகக் காணப்பெறும். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இம்மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்திருத்தலின், பெரும்பாலும் ஒரே தொகுதியாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்கின்றன. ஒவ்வொருவரிடமும் இரு தொகுதிகள் உள்ளன: ஒன்று தந்தைவழி வந்தது, மற்றொன்று தாய்வழி வந்தது. தந்தையின் தொகுதிகளைக் க, ச எனவும், தாயின் தொகுதிகளைத் த, ப எனவும் கொள்வோம். பிள்ளைகள் கத, கப, சத, சப என்னும் நால்வகையுள் ஒன்றாவர். உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ‘நால்வருள் ஒருவர் பொருந்துவர்’ என்று இதனைப் பெயர்த்தல் தவறு. உடன்பிறந்தார் இருவராயின் குறைந்தது ஒருவரேனும் பொருந்தும் வாய்ப்பு பதினாறில் ஏழு. நால்வர் இருப்பினும் ஒருவரும் பொருந்தாமற் போகக்கூடும். பெற்றோரோ, வேறு உறவால் தொகுதி ஒன்றாகாவிடின், ஒரு தொகுதியளவிலேயே பொருந்துவர்.

2.2 வெள்ளணுக்களில் இத்தகைய அடையாளம் உண்டென்பதை 1958இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே வெளியிட்டார். அதற்காக 1980இல் நோபல் பரிசினைப் பிறர் இருவருடன் பகிர்ந்துகொண்டார். 1964இல் டெரசாக்கி, மெக்லெலண்டு ஆகியோர் வகுத்த நுண்ணளவு அணுக்கொல் சோதனை நெடுங்காலம் வழக்கிலிருந்தது. பல மகப்பேறு கண்ட மகளிரின் குருதியில், கணவர் வழி வந்த அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றியிருக்கும். அத்தகைய குருதிநீரை நிணவணுக்களோடு சேர்த்து, முயற்குருதியிலிருந்து பெற்ற துணைப்பொருளையும் இடுவர். எதிர்ப்பொருளுக்கு உரிய அடையாளம் அணுவில் இருப்பின் அணு இறக்கும். இறந்த அணு சாயம் ஏற்கும். இறப்பதே ‘ஆம்’ என்னும் விடை. உயிருள்ள, போதிய நிணவணுக்கள் இச்சோதனைக்கு இன்றியமையாதவை.

அதே 1964ஆம் ஆண்டில் கலப்பு நிணவணு வளர்ப்பு என்னும் சோதனையும் வகுக்கப்பட்டது. இருவருடைய நிணவணுக்களை ஒரே குப்பியில் வளர்த்தால், ஒன்று மற்றொன்றை அயலாக உணருமாயின் பெருகும்; உணராதாயின் அமைதியாக இருக்கும். இங்கு ‘பெருக்கம் இன்மை’ பொருத்தத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது.

இன்று இவ்விரு முறைகளின் இடத்தையும் டி.என்.ஏ. வழி வகையறிதல் பெரிதும் பெற்றுவிட்டது. பாலிமரேஸ் தொடர்வினையால் மரபணுவின் எழுத்துவரிசையே நேரடியாகப் படிக்கப்படுகின்றது. இதுகாறும் பதிவாகியுள்ள எச்.எல்.ஏ. மாற்றுவடிவங்கள் 30,000க்கும் மேற்பட்டவை.

2.3 இவ்விடத்தில் ஒரு கலைச்சொல் குறித்து நின்று நோக்குதல் தகும். எச்.எல்.ஏ. என்னும் சுருக்கத்தின் இறுதியெழுத்து ஆன்டிஜென் என்பதனைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இச்சொல் ஒலிபெயர்த்து வழங்குகின்றது. இலங்கை வழக்கில் ‘பிறபொருளெதிரியாக்கி’ எனப்படும். உடலுட் புகும் கிருமியைக் குறிக்குமிடத்து ‘பிறபொருள்’ என்னும் முன்னொட்டு நன்கு பொருந்துகின்றது. ஆயின் எச்.எல்.ஏ. ஒருவருக்குப் பிறபொருளன்று, அவருடைய சொந்தப் பொருள். பிறர் உடலுட் செல்லும்போதே பிறபொருளாகின்றது. பெயரிட்டோர் ஏற்பவரின் நிலையில் நின்று பெயரிட்டுள்ளனர். ஆதலின் திசு வகையறிதலைப் பற்றி எழுதுமிடத்து ‘அடையாளம்’ என்னும் பொதுச்சொல்லே மயக்கம் தவிர்ப்பதாகும் எனக் கருதி, அதுவே இங்கு ஆளப்பெறுகின்றது.

3. ஸ்கிட் குழவியரிடம் எழும் இடர்கள்

3.1 அணுக்கள் இன்மை

பிறந்த சில மாதக் குழந்தையின் மொத்தக் குருதி, எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர். நான்கு கிலோ எடையுள்ள நோயுற்ற குழந்தையிடம் உள்ளது 320 மில்லிலிட்டர் அளவே. ஆய்வுக்கென எடுக்கத்தக்கது மிகச் சிறிது. அச்சிறிதளவிலும் நிணவணுக்கள் அரியன. கனமில்லிமீட்டர் ஒன்றில் நிணவணுக்கள் 2,500க்குக் குறைந்தாலே குழந்தையிடம் இந்நோயை ஐயுறுதல் வழக்கம். பலரிடம் சில நூறே இருக்கும். எக்ஸ் நிறப்புரி வகையில் பி நிணவணுக்கள் இருத்தலின், இரண்டாம் வகுப்பு அடையாளங்களைக் காண வழியுண்டு. ராக் மரபணுக்கள் பழுதுற்ற வகையில் டி, பி இரண்டும் இல்லாமையால் அவ்வழியும் அடைபடுகின்றது. அணுக்கொல் சோதனையில் இத்தகைய குழந்தையின் பெயருக்கு எதிரே விடப்படும் வெற்றிடம், அடையாளம் இல்லையென்பதைக் குறியாது. கேட்பதற்கு ஆளில்லை என்பதையே குறிக்கும்.

கலப்பு நிணவணு வளர்ப்பிலும் இதே நிலை. ஸ்கிட் குழந்தையின் அணுக்கள் எவருடைய அணுக்களைக் கண்டும் பெருகா. அவற்றின் அமைதியைப் பொருத்தமெனக் கொண்டால், உலகோர் அனைவரும் அக்குழந்தைக்குப் பொருத்தமானவராவர். கொடையாளரின் அணுக்கள் குழந்தையின் அணுக்களுக்கு எதிராகப் பெருகுகின்றனவா என்னும் ஒரு திசைச் சோதனையே இங்குப் பொருளுடையது.

3.2 வெளிப்பாடு இன்மை

இரண்டாம் வகுப்பு எச்.எல்.ஏ. குறைபாடு என்பது ஸ்கிட்டுக்கு நெருங்கிய ஒரு பிறவிநோய். இதில் நிணவணுக்கள் உள்ளன. ஆனால் அவற்றின் மேற்பரப்பில் இரண்டாம் வகுப்பு அடையாளங்கள் தோன்றுவதில்லை. ஆறாம் நிறப்புரியிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள் பழுதின்றி உள்ளன. அவற்றை இயக்கும் ஒழுங்காற்று மரபணுக்களே பழுதுற்றவை. அவை நான்கு என்பதும், வேறு நிறப்புரிகளில் உள்ளன என்பதும் 1993 தொடங்கி 1998க்குள் அறியப்பட்டன. நூல் உள்ளது, படிப்பாரில்லை என இதனைக் கூறலாம்.

இத்தகைய குழந்தையை அணுக்கொல் சோதனைக்கு உட்படுத்தினால் டிஆர் அடையாளம் வெற்றிடமாகவே வரும். டி.என்.ஏ. வழி நோக்கினால் இரு தொகுதிகளும் முழுமையாகப் புலப்படும். இரு முறைகளின் முடிவுகள் முரண்படுவதுபோல் தோன்றினும், முரண் இல்லை. முன்னது வெளிப்பாட்டையும் பின்னது இருப்பையும் கூறுகின்றது. இம்முரணே நோயை ஐயுறுதற்கும் தூண்டுகோலாகலாம்.

3.3 தாயின் அணுக்கள்

கருவுற்ற காலத்தில் தாயின் நிணவணுக்கள் சில, நச்சுக்கொடியைக் கடந்து சேயினுட் செல்கின்றன. இயல்பான சேயின் எதிர்ப்பாற்றல் அவை பெருகாதவாறு தடுக்கும். ஸ்கிட் சேயிடம் தடுப்பதற்கு ஒன்றுமில்லை; ஆதலின் அவை தங்கிப் பெருகுகின்றன. 2001இல் வெளியான ஓராய்வில், 121 ஸ்கிட் குழந்தைகளுள் 48 பேரிடம், அதாவது நூற்றுக்கு 40 பேரிடம், தாயின் டி நிணவணுக்கள் காணப்பட்டன.

இதன் விளைவை முற்கூறிய குடும்பத்தைக் கொண்டு விளக்கலாம். குழந்தை கத, தாய் தப. குழந்தையின் குருதியிலுள்ள டி நிணவணுக்கள் தாயினுடையனவாயின், அவற்றைக் கொண்டு வகையறிந்தவர் குழந்தையைத் தப என எழுதுவர். இருவர் அணுக்களும் கலந்திருந்தால் க, த, ப என மூன்று தொகுதிகள் தோன்றும். மூன்று தோன்றுமிடத்து ஐயம் எழும். ஏனெனில் ஒருவரிடம் மூன்று தொகுதிகள் இருத்தல் இயலாது. தப என இரண்டே தோன்றுமிடத்துத் தாய் முழுப்பொருத்தமானவர்போல் காணப்படுவார். கத என அமைந்த தமக்கை, உண்மையில் முழுதும் பொருந்துபவள், பொருந்தாதவளென ஒதுக்கப்படுவாள். தாயின் மஜ்ஜையை டி நிணவணுக்களை நீக்காது செலுத்தினால், அவ்வணுக்கள் குழந்தையின் ‘க’ அடையாளங்களை அயலெனக் கொண்டு தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும். ஒட்டுத் தாக்குநோய் எனத்தக்க இந்நிலை உயிர்க்கு இறுதியாகும்.

3.4 ஏற்றப்பட்ட குருதி

நோய் அறியப்படுமுன் குழந்தைக்குக் குருதி ஏற்றப்பட்டிருப்பின், கொடையாளரின் வெள்ளணுக்களும் உடலுட் புகுந்திருக்கும். தாயின் அணுக்களைப் போலவே இவையும் வகையறிதலைக் குழப்பும்; ஒட்டுத் தாக்குநோயையும் விளைக்கும். இது கருதியே இக்குழவியருக்கு ஏற்றும் குருதி கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்படுகின்றது.

3.5 உறவுத் திருமணம்

தென்னிந்தியாவில் தாய்மாமன் மணமும், அத்தை மகன், மாமன் மகள் மணமும் நெடுங்கால வழக்கு. ஒரு பெண்ணுக்கு அவள் தாய்வழி வந்த எச்.எல்.ஏ. தொகுதி, அவளுடைய தாய்மாமனிடமும் இருத்தற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவ்விருவரும் மணந்து பெறும் பிள்ளை, இரு வழியிலும் ஒரே தொகுதியைப் பெறுவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை, மாமன் மக்கள் மணந்தால் அது பதினாறில் ஒன்று. அரிய நோய்மரபணு இருபாலும் வந்து கூடுதற்கும் இதுவே காரணம்.

தந்தை தச, தாய் தப எனக் கொள்வோம். குழந்தை தத எனப் பிறந்து, அதன் குருதியில் தாயின் அணுக்கள் தங்கியுள்ளன. வகையறிந்தால் விடை தப என வரும். முந்தைய எடுத்துக்காட்டில், தந்தைவழித் தொகுதி காணப்படாமையே பிழையைக் காட்டிக்கொடுக்கும். இங்கு அதுவும் இயலாது. தந்தைவழி ‘த’வும் தாய்வழி ‘ப’வும் வந்தன எனக் குடும்ப ஆய்வும் அப்பிழையை ஒப்புக்கொள்ளும். தத என அமைந்த உடன்பிறப்பு ஒன்று இருப்பின், முழுதும் பொருந்தும் அக்கொடையாளர் இழக்கப்படுவார். உறவுமுறையைக் கேட்டறிந்து எழுதுவதும் சோதனையின் பகுதியே என்பது இதனாற் பெறப்படும்.

4. தீர்வுகள்

4.1 இவ்விடர்களுக்குப் பொதுத் தீர்வு, அயலணுக்கள் கலவாத திசுவிலிருந்து டி.என்.ஏ.வைப் பெறுதல். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுமுனையால் தேய்த்தெடுக்கும் மேலணுக்கள் எளிதிற் கிடைப்பவை. தாய்ப்பாலிலும் தாயின் அணுக்கள் உண்டு. ஆதலின் பாலூட்டியவுடன் எடுத்தலைத் தவிர்த்து, இடைவெளி விட்டு, வாயைத் தூய்மைசெய்து எடுத்தல் வேண்டும். ஐயம் நீங்காவிடில் தோலின் சிறுதுண்டிலிருந்து வளர்த்த நாரிழைய அணுக்களைக் கொள்ளலாம். இவற்றின் முடிவையும் குருதியின் முடிவையும் பெற்றோர், உடன்பிறந்தார் முடிவுகளோடு ஒருங்குவைத்துத் தொகுதிகளை வகுத்தல் முறை.

4.2 முழுப்பொருத்தமான உடன்பிறப்பு இல்லாதவிடத்துப் பெற்றோருள் ஒருவரின் மஜ்ஜையை, டி நிணவணுக்களை நீக்கிச் செலுத்தும் முறை 1980களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட அறிக்கையில், முழுப்பொருத்தமான உறவினரின் மஜ்ஜையைப் பெற்ற 12 குழவியரும் உயிர்வாழ்ந்தனர். ஒரு தொகுதியளவே பொருந்திய பெற்றோர் மஜ்ஜையைப் பெற்ற 77 பேருள் 60 பேர் உயிர்வாழ்ந்தனர். காலமும் உயிர்நிலையாவது. 2014இல் வெளியான, 240 குழவியரைப் பற்றிய ஆய்வில், மூன்றரை மாத அகவைக்குள் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர். வகையறிதலை மீண்டும் மீண்டும் நிகழ்த்திக் காலம் போக்க இயலாது என்பதும், ஒருமுறை எழுதியது தெளிவாக எழுதப்படவேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

5. மொழிபெயர்ப்பு நோக்கில்

5.1 இன்மையும் அன்மையும்

மேற்கண்டவற்றுள் அறிக்கையின் வெற்றிடத்துக்கு நான்கு பொருள்கள் உள. ஒன்று, இரு தொகுதிகளிலும் ஒரே அடையாளம் இருத்தலின் இரண்டாவது வேறடையாளம் உண்மையிலேயே இல்லை. இரண்டு, அடையாளம் இருந்தும், அதனைக் காட்டவல்ல எதிர்ப்பொருள் சோதனையிற் சேர்க்கப்படாமையால் கண்டறியப்படவில்லை. மூன்று, மரபணு இருந்தும் அணுவின் மேற்பரப்பில் வெளிப்படவில்லை. நான்கு, அணுக்கள் போதாமையால் ஆராய இயலவில்லை. இந்நான்கையும் ‘இல்லை’ என ஒரே சொல்லாற் பெயர்த்தால் முதற்பொருளே கொள்ளப்படும். ‘இல்லை’, ‘கண்டறியப்படவில்லை’, ‘வெளிப்படவில்லை’, ‘ஆராய இயலவில்லை’ என நான்கு வாய்பாடுகளை நிலைப்படுத்திக்கொள்ளுதல் தக்கது.

ஐந்தாவதாக ஒன்று எஞ்சுகின்றது. தாயின் அணுக்களிற் கண்ட அடையாளத்துக்கு இந்நான்கனுள் எதுவும் பொருந்தாது; அது உளது, ஆயின் குழந்தையினது அன்று. தமிழ் மரபிலக்கணம் இதற்கு முன்பே இடந்தந்துள்ளது. தொல்காப்பியர் வினையியலில் குறிப்புவினையின் பொருள்களைக் கூறுமிடத்து, அன்மை, இன்மை, உண்மை என்பவற்றைத் தனித்தனியே எண்ணுகின்றார். இன்மை இருப்பை மறுப்பது. அன்மை இன்னதென்னும் தன்மையை மறுப்பது. இன்றைய பேச்சுவழக்கில் ‘அன்று’, ‘அல்ல’ என்பவற்றின் இடத்தையும் ‘இல்லை’ பற்றிக்கொண்டது. ‘இது குழந்தையின் அடையாளம் இல்லை’ என்னும் தொடர், ‘குழந்தையிடம் இவ்வடையாளம் இல்லை’ எனவும், ‘இவ்வடையாளம் குழந்தையினது அன்று’ எனவும் இருபொருள்பட நிற்கும். அறிவியல் உரைநடையில் அன்மைக்கு ‘அன்று’, ‘அல்ல’ என்பவற்றையே விடாது ஆளுதல், பழமை போற்றுதற்பொருட்டன்று, பொருள் மயங்காமைப்பொருட்டு.

5.2 ‘பொருத்தம்’ என்னும் சொல்லும் வேற்றுமையும்

பொருத்தம் என்றவுடன் திருமணப் பொருத்தமே தமிழர் நினைவுக்கு வருதல் இயல்பு. அது இருவரைப் பற்றிய ஒரே தீர்ப்பு. திசுப் பொருத்தமோ திசையுடையது. குழந்தை தத, கொடையாளர் தப எனின், கொடையாளரின் அணுக்களுக்குக் குழந்தையிடம் அயலானது ஒன்றுமில்லை. குழந்தையின் அணுக்களுக்குக் கொடையாளரிடம் ‘ப’ அயலாகும். ஸ்கிட் குழந்தையிடம் எதிர்க்கும் ஆற்றல் இன்மையின் பின்னது பேரிடராவதில்லை. இருவரும் இடம்மாறினால் நிலைமை தலைகீழாகும்.

ஆதலின் ‘இருவரும் பொருந்துவர்’ என எண்ணும்மையாற் கூறுதல், இரு தொகுதிகளும் ஒத்தவிடத்து மட்டுமே சரியாகும். பிறவிடங்களில் ‘இன்னார் இன்னார்க்குப் பொருந்துவர்’ எனக் குவ்வுருபு கொடுத்து, கொடுப்பார் யார், கொள்வார் யார் என்பது தோன்ற எழுதுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு முன்னிடைச்சொல்லால் விளங்காது நிற்பதைத் தமிழ் நான்காம் வேற்றுமையால் விளக்கவல்லது.

5.3 ‘பாதிப் பொருத்தம்’

இரு தொகுதிகளுள் ஒன்று ஒத்திருத்தலைப் ‘பாதிப் பொருத்தம்’ எனப் பெயர்த்தல் பெருவழக்கு. சொல் எளிது, ஆயின் கேட்போர் அதனைச் சிகிச்சை வெற்றிபெறும் வாய்ப்பு பாதியென மயங்கக்கூடும். மேலே காட்டிய 77இல் 60 என்னும் எண் அம்மயக்கத்தை மறுக்கின்றது. ‘ஒருதொகுதிப் பொருத்தம்’ எனின் எண்ணப்படுவது இன்னதென்பது சொல்லிலேயே விளங்கும். ‘ஒருவழிப் பொருத்தம்’ என்னும் ஆக்கம், முற்பகுதியிற் கூறிய திசைவேறுபாட்டோடு மயங்குமாதலின் தவிர்க்கத்தக்கது.

5.4 உறவுப்பெயர்கள்

குடும்ப வரலாற்றைத் தமிழிற் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுமிடத்து மறுதலைச் சிக்கல் தோன்றும். பெரியப்பா மகனும் சிற்றன்னை மகனும் தமிழில் அண்ணன், தம்பியரே. ‘குழந்தைக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்’ என்னும் விடையை உடன்பிறந்தவன் எனப் பெயர்த்தால், நான்கில் ஒரு வாய்ப்பு இல்லாதவிடத்து இருப்பதாகக் கொள்ளப்படும். ‘உடன்பிறந்த’ என்னும் அடையைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. மாமா என்னும் சொல்லும் தாயின் உடன்பிறந்தானையும், அத்தையின் கணவனையும், மாமனாரையும் குறிக்கும். தாய்மாமனை மணந்த பெண் தன் கணவனையே மாமா எனல் உண்டு. ஆங்கிலச் சொல்லோ தந்தையின் உடன்பிறந்தானையும் தாயின் உடன்பிறந்தானையும் வேறுபடுத்தாது. ஒரு மொழி இணைப்பதை மற்றொன்று பிரிப்பதால், உறவுச்சொல்லைச் சொல்லாற் பெயர்த்தலைவிட, ‘தாயின் தாய்க்கு உடன்பிறந்த தம்பி’ என வழிமுறையை விரித்தெழுதுதலே பிழையற்றது. மரபியல் வேண்டுவது அழைக்கும் பெயரையன்று, பிறப்பின் வழியையே.

6. முடிவுரை

ஸ்கிட் குழவியரின் திசு வகையறிதலில் எழும் இடர்கள், அணுக்கள் இன்மை, வெளிப்பாடு இன்மை, அயலணுக்களின் கலப்பு என மூவகைப்படும். டி.என்.ஏ. முறை முதலிரண்டையும் பெரும்பாலும் தீர்த்தது. மூன்றாவதைத் தானே தீர்க்காது. தாயின் அணுவிலுள்ள டி.என்.ஏ.வும் தெளிவாகப் படிக்கப்படக்கூடியதே. எத்திசுவிலிருந்து எடுத்தது, குடும்பத்தார் யார் யார், அவர் உறவு யாது என்னும் வினாக்களுக்கான விடைகளே எழுத்துவரிசைக்குப் பொருள் தருகின்றன.

மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன மூன்று எனத் தொகுத்துக் கூறலாம். எதிர்மறையை அதன் வகை தோன்றப் பெயர்த்தல். பொருத்தத்தை அதன் திசை தோன்றப் பெயர்த்தல். உறவை அதன் வழி தோன்றப் பெயர்த்தல். இம்மூன்றுக்கும் வேண்டிய கருவிகளான இன்மை அன்மை வேறுபாடும், நான்காம் வேற்றுமையும், ‘உடன்பிறந்த’ என்னும் அடையும் தமிழில் முன்னரே உள்ளன. புதுச்சொல் ஆக்குவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பகுதியை, உள்ள இலக்கணத்தை இடமறிந்து ஆளுவதிற் செலுத்துதல் மருத்துவ மொழிபெயர்ப்புக்கு உடனடித் தேவையாகும். பெற்றோர் கையில் தரப்படும் ஒரு பக்கத் தமிழ்க்குறிப்பிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.